ராமநாதபுரம் கரைக்கு மதுரை வெயில் அறிவுரை பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி நெருங்கினால் உங்கள் மாவட்டப் பக்கத்தில் 'வெயிலைச் சமாளிக்கச் சில வழிகள்' தவறாமல் வந்துவிடுகிறது. ஜன்னலில் ஈரத்துணி தொங்கவிடுங்கள், வெட்டிவேர் தட்டி கட்டுங்கள், ஏர்கூலர் போடுங்கள், மண்பானைத் தண்ணீர் குடியுங்கள். மதுரைக்கும் திருச்சிக்கும் வேலூருக்கும் இவை நல்ல யோசனைகள்தாம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று கரையோரம் குடியிருப்பவர்களுக்கு இவற்றில் பாதி உதவாது. ஒன்றிரண்டு கெடுதலே செய்யும்.

காரணம் காற்றில் உள்ள ஈரம். வியர்வை தோலின் மேலேயே காய்ந்தால்தான் உடம்புச் சூடு இறங்கும். வழிந்து சொட்டுகிற வியர்வை உப்பையும் தண்ணீரையும் கொண்டு போகுமே தவிர, சூட்டைக் கொண்டு போகாது. நிழலில் 35 டிகிரி இருக்கும்போது ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்புக்கு அது 37 போலத் தெரியும். அதே 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் ஆனால் 45 போல. 70 சதவீதம் ஆனால் 50 போல. தொலைக்காட்சியில் 'மதுரையில் 39, பாம்பனில் 35' என்று சொல்லும்போது நம்மூர் தப்பித்தது என்று நினைப்பது எவ்வளவு தப்பு என்பது இதில் தெரியும்.

இதை அளக்க 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்று ஒன்று உண்டு. வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் மாட்டும் சாதாரண அறை வெப்பமானி இரண்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு ஆகாது. ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியை ஒரே சுற்றாகச் சுற்றி நூலால் கட்டி, நல்ல தண்ணீரில் நனையுங்கள். போர் உப்புத் தண்ணீர் வேண்டாம், அளவு கூடுதலாகக் காட்டும். இரண்டையும் நிழலில் வைத்து மேசை விசிறியை முழு வேகத்தில் விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். காய்ந்த குமிழ் காட்டுவது காற்றின் வெப்பம். நனைந்த குமிழ் காட்டுவது, அந்தக் காற்றில் தண்ணீர் காய்வதால் எட்டக்கூடிய மிகக் குறைந்த வெப்பம். கூலர், தட்டி, பானை, ஈரத்துணி, வியர்வை எதுவானாலும் அந்த அளவுக்குக் கீழே குளிர்விக்க முடியாது.

39 டிகிரியும் 30 சதவீத ஈரமும் உள்ள மதுரைக் காற்றில் நனைந்த குமிழ் சுமார் 25 காட்டும். நல்ல கூலர் ஒன்று அங்கே 28 டிகிரியில் காற்றைத் தரும். 35 டிகிரியும் 70 சதவீத ஈரமும் உள்ள நம் கரையில் அதே குமிழ் 30 காட்டும். அதே கூலர் இங்கே தருவது 31 டிகிரி, அதுவும் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் காற்று. ஜன்னலைச் சாத்திவிட்டு அதை ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் அறையில் இருப்பவரின் வியர்வை காய்வது வெகுவாகக் குறைந்துவிடும். 'கூலர் போட்டும் புழுங்குகிறது' என்று சொல்வார்கள். கூலர் போட்டதால்தான் புழுங்குகிறது. வாங்கி வைத்துவிட்டவர்கள் தண்ணீர் ஊற்றாமல், ஜன்னலைத் திறந்துவைத்து, விசிறியாக மட்டும் ஓட்டலாம்.

நனைந்த குமிழ் 35ஐத் தொட்டால் திடகாத்திரமானவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார் என்பது பழைய கணக்கு. இளைஞர்களை வைத்துப் பின்னால் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகளில் 31ஐச் சுற்றியே உடம்புச் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கியது. அப்படியானால் 30 என்பது வயதானவர்களுக்கு விளையாட்டில்லை.

ஒரு விலக்கு உண்டு. கச்சான் என்கிற மேற்குக் காற்று பலமாக அடித்து, கடல் காற்று உள்ளே வரத் தாமதமாகும் நாளில் தரைக்காற்று காய்ந்து வரும். வெப்பமானி 38ஐத் தாண்டும், துவைத்த துணி அரை மணியில் மொடமொடவென்று காயும். அன்றைக்கு மட்டும் மதுரை அறிவுரையை அப்படியே பின்பற்றலாம். நனைந்த குமிழ் 26க்குக் கீழே என்றால் ஈரத்துணியும் கூலரும் உதவும். 28க்கு மேலே என்றால் எடுத்து ஓரமாக வையுங்கள். சாயங்காலம் கடல் காற்று உள்ளே வந்ததும் கணக்கு மாறிவிடும் என்பதால் அன்றே இரண்டு தடவை பார்ப்பது நல்லது.

அரசு அறிவிப்பிலும் இதே கோளாறுதான். இந்திய வானிலைத் துறையின் கணக்குப்படி, கரையோர நிலையங்களில் பகல் வெப்பம் குறைந்தது 37ஐத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது வெப்ப அலை. இயல்பே 33, 34 என்று இருக்கும் பாம்பனில் 38 ஆனால்தான் கதவு திறக்கும். 34 டிகிரியில் 75 சதவீத ஈரத்தோடு பத்து நாள் வெந்தாலும் அது வெப்ப அலையாகப் பதிவாகாது. தமிழக அரசு 2024ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னது. நல்ல காரியம். வெயிலில் விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் உடம்புச் சூட்டை அளந்து, எங்கே, எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதையும் சேர்த்துச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அது வைத்தியத்துக்கும் தேவை, பிற்பாடு மனு கொடுக்கவும் தேவை. எழுதாமல் விட்டால் 'மாரடைப்பு' என்று முடிந்துவிடும்.

இனி வீடு. கரையில் பகலைவிட இரவுதான் ஆளைச் சாய்க்கிறது. மே மாதத்தில் இரவு வெப்பம் 27, 28க்குக் கீழே இறங்குவதே அரிது. அதோடு கான்கிரீட் தளம் வேறு. ஐந்து அங்குலத் தளம் உச்சி வெயிலில் வாங்கும் சூடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, சாயங்காலம் தொடங்கி நடுராத்திரி வரை அறைக்குள் கொட்டும். விசிறி அந்தச் சூட்டைத்தான் தலையில் தள்ளுகிறது. ஆகவே செலவு செய்ய முதல் இடம் மொட்டைமாடி.

பலர் சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நல்ல தண்ணீர் என்றால் சரி. குடம் கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் யார் ஊற்றுவார்கள்? போர் தண்ணீரைத்தான் திறந்துவிடுகிறார்கள். உப்பு, தளத்தின் மயிரிழை வெடிப்புகள் வழியே கம்பி வரை இறங்கும். கம்பி துருப்பிடித்து உப்பி, சில வருஷத்தில் கூரையின் அடிப்பக்கம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழும். கரையோர வீடுகளில் இந்த வியாதி ஏற்கனவே இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டாம்.

அதற்குப் பதில் சுண்ணாம்பு அடியுங்கள். பழைய கான்கிரீட் தளம் வெயிலில் கால் பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக வெள்ளை அடித்த தளம் முக்கால் பங்கு வரை அனுப்பிவிடும். மேல்மாடி அறையில் 2 முதல் 5 டிகிரி வரை வித்தியாசம் தெரியும். கீழ்த்தள வீட்டுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆயிரம் சதுர அடிக்கு இரண்டு பூச்சு அடிக்கச் சுமார் 15 கிலோ சுண்ணாம்பு போதும். தளம் சொரசொரப்பாக இருந்தால் 20. தாளிக்காத (இன்னும் தண்ணீரில் நீற்றாத) கல் சுண்ணாம்பு அல்லது கிளிஞ்சல் சுண்ணாம்பாகப் பார்த்து வாங்குங்கள், காற்றுப்பட்டுப் பொடிந்தது ஒட்டாது. கிலோவுக்கு 5 லிட்டர் நல்ல தண்ணீர். இரும்பு டிரம்மில் தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும்; கண் போய்விடும். பிளாஸ்டிக் வாளி உருகும். கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். 24 மணி நேரம் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, 10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு 40 கிராம் கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். சுவருக்குப் போடுவது போல நீலம் போட வேண்டாம். நீலம் கண்ணுக்கு வெண்மை, வெயிலுக்கு இல்லை.

தளத்தைக் கூட்டி, பாசியைச் சுரண்டி, கழுவி, ஈரம் காய்வதற்கு முன்னால் சாயங்காலத்தில் அடிக்க வேண்டும். மத்தியானம் அடித்தால் பிடிப்பதற்குள் காய்ந்து மறுநாளே காலில் மாவாக ஒட்டும். இரண்டு மெல்லிய பூச்சுதான். ஒரே பூச்சில் தடிமனாக அடிப்பது தோல் தோலாக உரியும். ஐப்பசி மழையில் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதால் வருஷா வருஷம் மாசியில் அடிக்க வேண்டிய வேலை இது. மழைநீர் சேகரிப்புக் குழாய் உள்ளவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

சிமெண்ட் சீட்டு வீடுகளில் சீட்டைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தூள் நுரையீரலுக்கு விஷம். நனைத்துவிட்டு, தேய்க்காமல் மேலேயே அடியுங்கள். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. துருவுக்குப் பிரைமர் அடித்து வெள்ளைக் கூரைப் பெயிண்ட்தான் வழி. பெயிண்டுக்கு முன் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவாவிட்டால் ஆறு மாதத்தில் கொப்புளம் விடும். காசு குறைவென்றால், சீட்டுக்கு மேலே ஒரு அடி இடைவெளி விட்டுப் பனையோலையோ பச்சை வலையோ கட்டலாம். வேலை செய்வது அந்த இடைவெளிதான். ஓலையைச் சீட்டில் ஒட்டிப் படுக்கப் போட்டால் பலன் பாதியாகும். கச்சான் தூக்கிக்கொண்டு போகாமல் பழைய வலைக் கயிற்றால் இரண்டு பக்கமும் இறுக்குங்கள். அடுப்புப் புகைபோக்கிப் பக்கம் ஓலை வேண்டாம்.

ஈரக் காற்றில் விசிறிதான் முதல் தோழன். தோலைச் சுற்றி நிற்கும் ஈரத்தை அது விலக்குகிறது. மின்விசிறி வேகம் குறைந்திருந்தால் புதிது வாங்குமுன் கப்பாசிட்டரைப் பாருங்கள். பெரும்பாலான கூரை விசிறிகளில் 2.5 மைக்ரோபாரட், சூட்டில் அது சோர்ந்து போகும், மாற்றச் சொற்பச் செலவுதான். பழைய விசிறி 75 வாட் தின்னும், பிஎல்டிசி விசிறி 30 வாட். ராத்திரி மின்சாரம் போனால் அதே இன்வெர்ட்டரில் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும். கொசுவலை அடித்த ஜன்னல்களில் உப்பும் தூசும் அடைத்துப் பாதிக் காற்று நின்றுவிடுகிறது. மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவினால் போதும். இதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்று தெரியவில்லை.

ஏசி வைத்திருப்பவர்கள் 26ல் வைத்து மேலே விசிறியை மெதுவாக ஓட்டலாம். கரையில் ஏசியின் பெரிய உபகாரம் குளிர் அல்ல, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுவது. வெளியே இருக்கும் யூனிட்டின் தகடுகளில் உப்பு படிந்தால் அரித்துக் கேஸ் கசியும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டுக் கழுவுங்கள். பிரஷர் பம்பு தகட்டை மடக்கிவிடும்.

ஏசி இல்லாத வீட்டுக்கு வழி தண்ணீரில் நேராகக் கையையும் காலையும் வைப்பது. காய்வதை நம்பாமல் சூட்டை நேரே தண்ணீருக்குக் கடத்துகிறோம். முழங்கை வரை கையையும் கெண்டைக்கால் வரை காலையும் வாளித் தண்ணீரில் 15, 20 நிமிடம் வைத்தால் உள்சூடு இறங்கும். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல். மாடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் டேங்கில் மத்தியானம் தண்ணீர் வெந்நீராகத்தான் வரும். விடியற்காலை ஐந்து மணிக்கே இரண்டு வாளி பிடித்துத் தரையில், நிழலில் மூடி வையுங்கள். டேங்குக்கு வெள்ளை அடித்து மேலே ஓலை போட்டால் இன்னும் நல்லது. வாளித் தண்ணீரைக் கொட்டாமல் இரவுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள வீட்டில் திறந்த வாளி ஆபத்து.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மண்பானைக்குள் வைத்தால் போதும் என்பதும் உள்நாட்டு யோசனைதான். இங்கே பானைக்குள் 30ஐச் சுற்றியே நிற்கும். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வீட்டில் பிரிட்ஜ் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டிலோ மருந்துக் கடையிலோ கேட்டு வையுங்கள், உறைபனிப் பெட்டியில் மட்டும் வைக்கக் கூடாது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் வெயில் காலத்துக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தானாக நிறுத்தாதீர்கள்.

குடிப்பது பற்றிச் சுருக்கமாக. 15 ஏப்ரலில் இருந்து 14 ஜூன் வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் பெயிண்ட், பைபர், பலகை வேலைகள் முழு வெயிலில் நடக்கின்றன. வாலிநோக்கம் உப்பளத்திலும் அப்படியே. இவர்கள் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி குடிக்க வேண்டும். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கித் தலைசுற்றலும் குழப்பமும் வரும். அதையும் வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு லிட்டருக்கு 6 தட்டையான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓஆர்எஸ் பொட்டலம் முழுவதும் ஒரு லிட்டரில். பாதிப் பொட்டலம் ஒரு டம்ளரில் என்று கலக்காதீர்கள். கலந்தது 24 மணி நேரம்தான். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் இதே வேலையைச் செய்யும். தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் மோரில் உப்பை மறந்துவிடுகிறார்கள். மஞ்சள் தெரிய ரஸ்னா கரைப்பதில் இருக்கும் உற்சாகத்தில் கொஞ்சம் இதற்கும் வேண்டும்.

கடைசியாக, ஆள் விழுந்துவிட்டால். உளறல், தள்ளாட்டம், கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில், வலிப்பு, மயக்கம், உடம்பு நெருப்பாகக் கொதிப்பது: இவை வெப்பவாதம். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை. உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்த்துக்கொண்டே வரும். 108ஐ அழைத்த கையோடு குளிர்விக்கத் தொடங்க வேண்டும், வண்டி வரும் வரை காத்திருக்கக் கூடாது. முதல் அரை மணி நேரம்தான் மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும். தண்ணீர் தெளித்து விசிறுவது காய்ந்த ஊரில் நன்றாக வேலை செய்யும். ஈரக் காற்றில் அது மெதுவாகத்தான் இறக்கும்.

நம் கரைக்கு ஒரு கொடுப்பினை, ஐஸ். மீன் இறங்குதளம், ஐஸ் கம்பெனி, மீன் மார்க்கெட் எதுவும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்; தார்ப்பாயும் ஆளும் அங்கேயே உண்டு. தார்ப்பாயை நிழலில் விரித்து, ஆளை நடுவில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றுங்கள். ஆறு பேர் ஓரங்களைத் தூக்கித் தொட்டிலாகப் பிடிக்க, 100 முதல் 150 லிட்டர் தண்ணீரும் இரண்டு கூடை உடைத்த ஐஸும் உள்ளே கொட்டுங்கள். தலையும் வாயும் எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்க ஒருவர் தலைமாட்டிலேயே நின்று தாங்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது. தார்ப்பாயை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருங்கள். அசையாமல் விட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடேறி அப்படியே நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பேச்சுத் தெளியும் அல்லது நடுக்கம் வரும், அப்போது வெளியே எடுத்துத் துடைத்துவிடலாம். தளர்ந்த வயதானவருக்கு முழுக்கு வேண்டாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் துணியில் சுற்றிய ஐஸும், உடம்பில் தண்ணீரும் விசிறியும் போதும்.

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சோடாவும் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது, ஈரலைத்தான் கெடுக்கும். கையில் இரும்பு கொடுப்பதில் நேரம் போகும், அவ்வளவுதான். மீன் ஐஸைக் குடிக்கும் தண்ணீரில் போடவே கூடாது.

நகராட்சிகளும் துறைமுகக்காரர்களும் ஒவ்வொரு இறங்குதளத்திலும், ராமேஸ்வரம் பேருந்து நிலையத்திலும், கோயில் வீதிகளிலும் ஒரு பெரிய தார்ப்பாயும் நாலு வாளியும் தனியாகப் பூட்டாமல் வைத்து, ஐஸ் கம்பெனியிடம் 'கேட்டால் உடனே கொடு' என்று சொல்லி வைத்தால் போதும். செலவு மிகக் குறைவு. வெளியூர் யாத்ரீகர்கள் வெறுங்காலோடு கருங்கல்லில் ஓடுவதை நிறுத்த, நடைபாதையில் வெள்ளைப் பட்டையும் நனைந்த தென்னைநார் விரிப்பும் போடலாம்.

உங்களிடம் ஒரே வேண்டுகோள். மாவட்டப் பக்கத்தில் நேற்றைய அதிகபட்ச வெப்பத்தை மட்டும் போடாமல், மாலை நேர ஈரப்பதத்தையும் நேற்றிரவின் குறைந்தபட்ச வெப்பத்தையும் சேர்த்துப் போடுங்கள். மீனவர்களுக்கான காற்று, அலை எச்சரிக்கை வரும் அதே கட்டத்தில் இரண்டு எண் கூடுதலாக வந்தால் இடம் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
ராமநாதபுரம்